இன்றிரவு கிளம்புமா? வானிலையைப் பார்த்து வலசைக் குருவிகளைத் தேட ஒரு வழிகாட்டி

ஒவ்வோர் அக்டோபரிலும் சென்னையில் யாராவது ஒருவரிடமிருந்து அந்தப் படம் வாட்ஸப்பில் வந்துவிடும். மாடிப்படி மூலையிலோ, கார் நிறுத்தும் இடத்திலோ, குளியலறை ஜன்னல் விளிம்பிலோ ஒடுங்கி உட்கார்ந்திருக்கும் ஒரு குட்டைவால் பறவை. பச்சை முதுகு, மஞ்சளும் பழுப்பும் கலந்த மார்பு, வாலடியில் குங்குமச் சிவப்பு, கண்ணை மறைத்துப் போகும் அகலமான கறுப்புப் பட்டை. "யாரோ வளர்த்தது தப்பி வந்துவிட்டதோ?" என்று கூடவே ஒரு கேள்வியும் வரும். யாரும் வளர்த்ததில்லை. அது ஆறுமணிக்குருவி. சிலர் தோட்டக்கள்ளன் என்பார்கள். இமயமலை அடிவாரத்திலோ மத்திய இந்தியக் காடுகளிலோ குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தைத் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கழிக்க இரவோடு இரவாகப் பறந்து வந்தது. வழியில் நகர வெளிச்சத்தில் தடுமாறி இறங்கிவிட்டது.

இந்தப் படங்கள் சில நாட்களில் நாலைந்தாகச் சேர்ந்து வரும். அப்புறம் ஒரு வாரம் ஒன்றுமே இருக்காது. பூங்காவுக்குப் போகிறவர்களுக்கும் இதே அனுபவம்தான்: நேற்று மரத்துக்கு மரம் கதிர்க்குருவி, இன்று காக்கையும் மைனாவும் மட்டும். அதிர்ஷ்டம் என்று விட்டுவிடலாம். ஆனால் இதில் பாதிக்கு மேல் வானிலையின் வேலை, கொஞ்சம் பழகினால் முந்தின நாள் சாயங்காலமே ஓரளவு கணித்துவிடலாம்.

பைனாகுலர் ஒன்று, இணையம் உள்ள கைப்பேசி ஒன்று, விடிவதற்கு முன் எழ மனசு. இவை இருந்தால் போதும். எனக்குப் பழகிய கரை சென்னை என்பதால் அதை வைத்தே எழுதுகிறேன். நெல்லூரிலிருந்து கோடியக்கரை வரை எங்கே இருப்பவர்களும் ஊர்ப்பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

முதலில், கேள்வியை மாற்றிக் கேளுங்கள்

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும், நானும்தான், முதலில் பார்ப்பது நம் ஊர் வானிலை. "நாளைக் காலையில் மழை இருக்குமா?" இது நாம் குடை எடுக்க உதவும். பறவை வருமா என்பதற்கு இதில் பாதி விடைதான் உண்டு.

கதிர்க்குருவி, ஈப்பிடிப்பான், கீச்சான் போன்ற சிறு பறவைகளில் பெரும்பாலானவை இரவில் பறப்பவை. இரவில் காற்று அலையாமல் சீராக இருக்கும், உடம்பு சூடேறாது, வல்லூறுகளின் தொல்லை குறைவு, பகல் முழுக்க இரை தேடவும் நேரம் கிடைக்கும். சூரியன் மறைந்து ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்குள் மேலே ஏறி, விடிவதற்கு முன் எங்காவது இறங்கிவிடும். ஆகவே காலை 6 மணிக்கு உங்கள் பூங்காவில் நீங்கள் பார்க்கும் குருவி, முந்தின நாள் மாலை 6:30 மணிக்கு வேறு எங்கோ "கிளம்பலாம்" என்று முடிவெடுத்த குருவி.

நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. நேற்று மாலை, அது இருந்த ஊரில், கிளம்பும்படியான வானிலை இருந்ததா? கிளம்பிய பிறகு, என் ஊர்மேல் வரும்போது அதைக் கீழே இறக்கும்படி ஏதாவது நடந்ததா? இந்தக் கட்டுரையில் இனி வருவதெல்லாம் இந்த இரண்டு கேள்விகளுக்கு விடை தேடும் வழிதான்.

பறவை எதைப் பார்த்து முடிவெடுக்கிறது

வலசைக் காலம் வந்துவிட்டதைப் பறவைக்குச் சொல்வது வானிலையல்ல, பகலின் நீளம். கனடாவில் வில்லியம் ரோவன் என்பவர் 1920-களில், கடுங்குளிரில் கூண்டுகளில் ஜுங்கோ என்ற சிறு குருவிகளை வைத்து, மின்விளக்கால் பகலை மட்டும் நீட்டிக் காட்டினார். வெளியே பனி உறைந்து கிடக்க, கூண்டுக்குள் இருந்தவற்றின் உடல் வசந்தத்துக்குத் தயாரானது. "குளிர் வந்தால் பறவை வரும்" என்று நம் ஊரில் சொல்வது அதனால்தான் முழு உண்மையல்ல. நமக்கு இன்னும் வியர்த்துக் கொட்டும் செப்டம்பரிலேயே வாலாட்டிகள் வந்துவிடுகின்றன.

நாள்காட்டி மாதத்தைச் சொல்லிவிடுகிறது. எந்த இரவு என்பதை முடிவு செய்பவை கொழுப்பும் காற்றும்.

கொழுப்புதான் பயண எரிபொருள். வட அமெரிக்காவில் பிளாக்போல் வார்ப்ளர் என்ற கதிர்க்குருவி இனம் உண்டு. சாதாரணமாக 12 கிராம் எடை. இலையுதிர்காலத்தில் தின்று தின்று ஏறக்குறைய அந்த எடையை இரட்டிப்பாக்கிக்கொண்டு, அட்லாண்டிக் கடல்மேல் இரண்டு மூன்று நாள் நிற்காமல் பறந்து கரீபியன் தீவுகளில் இறங்குகிறது. அவற்றின் முதுகில் சிறு கருவி பொருத்திப் பார்த்தவர்கள் 2015-இல் இதை உறுதி செய்தார்கள். தூரம் 2,300 முதல் 2,800 கி.மீ. வரை.

கொழுப்பும் காற்றும் எப்படிச் சேர்ந்து வேலை செய்கின்றன என்பதை அமெரிக்காவின் அலபாமா கடற்கரையில் நடந்த ஓர் ஆய்வு நன்றாகக் காட்டுகிறது. மெக்சிகோ வளைகுடாவைக் கடக்கப்போகும் சிறு பறவைகளுக்கு ரேடியோ கருவி கட்டி, அக்கரையில் மெக்சிகோவின் யுகாத்தான் தீபகற்பத்தில் அந்த ரேடியோ அலையை வாங்கும் கோபுரங்கள் வைத்துக் கண்காணித்து, முடிவை 2015-இல் வெளியிட்டார்கள். கொழுத்த பறவைகள், காற்று தெற்கு நோக்கி வீசி, காற்றில் ஈரம் குறைவாக இருந்த மாலைகளில் கடலுக்குமேல் கிளம்பின. மெலிந்தவை கரையிலேயே தங்கின, இல்லை உள்நாட்டுப் பக்கம் திரும்பி இரை தேடப் போயின. ஒரே மாலை, ஒரே மரம், ஆனால் இரண்டு பறவைக்கு இரண்டு முடிவு. வானிலையை மட்டும் வைத்து நூற்றுக்கு நூறு கணிக்க முடியாமல் போவது இதனால்தான். அதற்காக வருத்தப்பட வேண்டாம்.

காற்றுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? ஒரு கணக்குப் போடுவோம். சிறு குருவி ஒன்று அசையாத காற்றில் மணிக்கு 35 கி.மீ. பறக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னாலிருந்து 20 கி.மீ. வேகத்தில் காற்று தள்ளினால் அது 55. அதே காற்று முகத்தில் அடித்தால் 15. எட்டு மணி நேர இரவில் முதலாவது 440 கி.மீ. போகும், இரண்டாவது 120 கி.மீ. எரியும் கொழுப்பு இரண்டுக்கும் ஒன்றுதான். விஜயவாடாவிலிருந்து சென்னைக்கு நேர்கோட்டில் 380 கி.மீ. பக்கம். பின்காற்று இருந்தால் அங்கே இருட்டும்போது கிளம்பியது இங்கே விடிவதற்குள் வந்துவிடும். எதிர்காற்றென்றால் ஓங்கோல்கூடத் தாண்டாது. லாரிக்காரர் டீசல் விலை பார்ப்பதுபோல அது காற்றைப் பார்க்கிறது.

காற்றழுத்தமும் அவற்றுக்குத் தெரிகிறது. பறவையின் நடுக்காதில் விட்டாலி உறுப்பு என்ற சின்ன அமைப்பு உண்டு. அழுத்த மாற்றத்தை உணர்வது அதுதான் என்று பலர் கருதுகிறார்கள். வெண்கொண்டைச் சிட்டுகளை வைத்துச் செய்த சோதனையில், அழுத்தம் குறைந்ததும் அவை வேகமாகத் தின்ன ஆரம்பித்தன. புயல் அறிவிப்பு வந்ததும் நாம் பால் பாக்கெட்டும் மெழுகுவர்த்தியும் வாங்க ஓடுவது ஞாபகம் வருகிறதா?

படி 1: யாரைத் தேடுகிறீர்கள் என்று ஒரு சின்னப் பட்டியல்

ஐம்பது பறவைகளை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஏழெட்டு போதும். இளம்பச்சைக் கதிர்க்குருவி, பிளைத் நாணல் கதிர்க்குருவி, பழுப்புக் கீச்சான், பழுப்பு ஈப்பிடிப்பான், அரசவால் ஈப்பிடிப்பான், ஆறுமணிக்குருவி. இவை இரவுக் கூட்டம். (கறாராகச் சொன்னால் ஆறுமணிக்குருவி பாடும் பறவைகளின் பிரிவில் சேராது, அதன் குரலமைப்பு வேறு. ஆனால் வலசையில் அதுவும் இவற்றைப் போலவே நடந்துகொள்வதால் சேர்த்துவிட்டேன். அதை விட்டுவிட்டு அக்டோபரைப் பற்றி எழுத எனக்கு மனசும் வராது.)

தகைவிலான், வாலாட்டிகள், சோளக்குருவி ஆகியவை வேறு கட்சி. இவை பெரும்பாலும் பகலில் போகும். தகைவிலான் பறந்துகொண்டே பூச்சி பிடிப்பது, அதற்குச் சாப்பாடும் பயணமும் ஒன்றாக நடக்கும். இவற்றுக்கு இரவுக் காற்றைப் பார்க்கத் தேவையில்லை. காலையில் கடற்கரையிலோ ஏரிக்கரையிலோ நின்று எந்தத் திசையில் போகின்றன என்று பார்த்தாலே போதும்.

படி 2: சாயங்காலம் வடக்கே பாருங்கள்

மாலை 5 மணியிலிருந்து 7 மணிக்குள் விண்டி போன்ற காற்று வரைபடச் செயலி ஒன்றைத் திறங்கள். அதில் உங்கள் ஊரை விட்டு விரலை மேலே நகர்த்துங்கள்: நெல்லூர், ஓங்கோல், விஜயவாடா. அந்தப் பகுதியில் இரவு 7 மணிக்குக் காற்று எங்கிருந்து வீசுகிறது?

புதியவர்கள் இங்கே செய்யும் தவறு ஒன்று உண்டு. செயலி திறந்தவுடன் காட்டுவது தரைமட்டக் காற்று. தரையில் மரமும் கட்டடமும் காற்றைப் பிடித்துவிடும், கரையோரத்தில் கடற்காற்றும் நிலக்காற்றும் குழப்பும். குருவிகள் பறப்பது சில நூறு மீட்டர் உயரத்தில். ஆகவே உயரம் மாற்றும் பட்டையில் 600 மீ. அல்லது 750 மீ. வைத்துப் பாருங்கள். கீழே தென்கிழக்குக் காற்றாகவும் மேலே வடகிழக்காகவும் இருக்கும் மாலைகள் நம் கரையில் சாதாரணம்.

திசைகளுக்கு நம்மிடம் பெயர்கள் இருக்கின்றன. வடக்கேயிருந்து வருவது வாடை, கிழக்கேயிருந்து கொண்டல், தெற்கேயிருந்து தென்றல், மேற்கேயிருந்து கோடை. மீனவர்களிடம் மேற்குக் காற்றுக்குக் கச்சான் என்ற பேரும் உண்டு. இலையுதிர் வலசைக்கு, அதாவது செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை, உங்களுக்கு வேண்டியது வாடை. மணிக்கு 10 முதல் 30 கி.மீ. வரையிலான வடக்கு அல்லது வடகிழக்குக் காற்று என்றால் அருமை. கொண்டல் பரவாயில்லை, பக்கவாட்டில் தள்ளும். தென்றல் என்றால் நிம்மதியாகத் தூங்குங்கள்.

வடகிழக்குப் பருவமழை சராசரியாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்குகிறது. அதற்கு முன் இரண்டு மூன்று வாரங்கள் காற்றுக்கே தான் யார் பக்கம் என்று தெரியாது: ஒரு நாள் மேற்கு, ஒரு நாள் அசைவே இல்லை, ஒரு நாள் லேசான வாடை. அந்தத் தடுமாற்றக் காலத்தில் வரும் முதல் வாடை இரவுகளை விடாதீர்கள். தென்காற்றால் தடைபட்டுக் காத்திருந்த பறவைகள் மொத்தமாகக் கிளம்பும் இரவுகள் அவைதான். பருவமழை நிலைத்துவிட்ட பிறகு வாடை தினசரிச் சமாச்சாரம் ஆகிவிடும். அப்போது காற்றைவிட மழைதான் வித்தியாசம் காட்டும்.

அமெரிக்காவில் இந்தக் கணிப்பை ரேடார்களே செய்துவிடுகின்றன. கார்னெல் பறவையியல் ஆய்வகமும் கூட்டாளிகளும் நடத்தும் பேர்ட்காஸ்ட் என்ற திட்டம், 143 வானிலை ரேடார்களின் 23 வருடப் பதிவுகளைக் கொண்டு, இன்றிரவு எத்தனை பறவைகள் பறக்கும் என்று வரைபடம் போடுகிறது. 2018-இல் வெளியான அந்த ஆய்வில், வசந்த வலசையை முன்கூட்டிச் சொல்ல மிகவும் உதவியது வெப்பநிலை. நம் கரையில் அதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அங்கே ஒரு குளிர் அலை வந்து போனால் ஒரே நாளில் 15 டிகிரி மாறும், சூடான நாள் என்றாலே தென்காற்று அடிக்கும் நாள். இங்கே அக்டோபர் முழுக்கப் பெரிய வித்தியாசம் இல்லை. நமக்குக் காற்றும் மழையும் போதும்.

படி 3: தூங்கும் முன் மழையைப் பாருங்கள்

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் சென்னை, காரைக்கால் ரேடார் படங்கள் இணையத்திலும் மௌசம் செயலியிலும் கிடைக்கும். இரண்டு விஷயம் பாருங்கள்.

ஒன்று, புறப்படும் இடத்தில் மாலையிலேயே மழையா? அப்படியானால் யாரும் கிளம்பியிருக்க மாட்டார்கள். நனைந்த சிறகோடு பறப்பது வீண் செலவு. இரண்டு, மழைப் பட்டை அவற்றின் வழியில் எங்கே, எத்தனை மணிக்கு இருக்கும்? வடக்கே தெளிந்த வானம், நல்ல வாடை, ஆனால் அதிகாலை 3 மணியிலிருந்து 5 மணிக்குள் சென்னைமேல் மழை என்று படம் காட்டினால், அலாரம் வையுங்கள். மேலே பறந்துகொண்டிருப்பவை முன்னே மழைத் திரை, பக்கத்தில் கடல் என்று கண்டதும் கிடைத்த மரத்தில் இறங்கும்.

மேகமூட்டத்துக்கும் இதில் பங்கு உண்டு. இரவில் பறக்கும் பறவைகள் பூமியின் காந்தப்புலத்தோடு நட்சத்திரங்களையும் வைத்துத் திசை பிடிப்பவை. ஸ்டீபன் எம்லென் 1960-களில் இண்டிகோ பண்டிங் என்ற குருவிகளைக் கோளரங்கத்துக்குள் வைத்துக் காட்டியது இதைத்தான். தாழ்ந்த மேகம் வந்துவிட்டால் அவையும் தாழப் பறக்கின்றன. அப்போதுதான் நகர விளக்குகள் வம்பு செய்கின்றன.

தூக்கம் வரவில்லையென்றால் ஒரு பழைய வேடிக்கை: பௌர்ணமியை ஒட்டிய தெளிந்த இரவில் நிலாவின்மேல் தொலைநோக்கியை வைத்துக் காத்திருங்கள். வட்டத்தைக் குறுக்கே வெட்டிப் போகும் சின்ன நிழல்கள் தெரியும். ஜார்ஜ் லோவரி என்ற அமெரிக்கப் பறவையியலாளர் இந்த முறையை வளர்த்தெடுக்க, 1952 அக்டோபரில் அந்நாடு முழுவதும் தன்னார்வலர்கள் உட்கார்ந்து நிலாவைப் பார்த்து எண்ணினார்கள். கழுத்து வலிக்கும். ஆனால் முதல் நிழல் தெரியும்போது வலி மறந்துபோகும்.

படி 4: நல்ல இரவு, மோசமான காலை

இதைப் புரிந்துகொள்ள எனக்கே நாலு வருடம் ஆனது. ஓர் அக்டோபரில் மூன்று நாள் தென்காற்றுக்குப் பிறகு அற்புதமான வாடை, வானம் துடைத்து வைத்தாற்போல். இன்று குருவி மழைதான் என்று நண்பர்களை எல்லாம் எழுப்பிக்கொண்டு போனேன். இரண்டு மணி நேரம் நடந்து நாங்கள் பார்த்தது ஒரு கீச்சான். அடுத்த வாரம் விடியற்காலையில் இடி, மழை. போகாமல் போர்வைக்குள் இருந்தேன். வீட்டுப் பக்கத்திலேயே இருந்த ஒருவர் மழை விட்டதும் தெருமுனை வேப்பமரத்தில் அரசவால் ஈப்பிடிப்பானும் கதிர்க்குருவிகளும் என்று படம் அனுப்பினார். ஒரு வாரம் அவரோடு நான் சரியாகப் பேசவில்லை.

என் கணக்கில் பிழை என்ன? முதல் இரவில் பறவைகள் கிளம்பியது நிச்சயம். ஆனால் பின்காற்றும் தெளிந்த வானமும் இருக்கும்போது அவை ஏன் நகரத்துக்குள் இறங்க வேண்டும்? தலைக்குமேல் தாண்டிப் போய்விட்டன. பறவைக்கு மிக நல்ல இரவு பார்ப்பவருக்கு வெறும் காலையாகிவிடும்.

இதை உலகத்திலேயே அதிகம் அனுபவிப்பவர்கள் டெக்சஸ் கடற்கரைக்காரர்கள். ஹை ஐலண்ட் என்ற சின்ன ஊர், பேர்தான் தீவு, உண்மையில் சதுப்பு நிலத்தின் நடுவே ஒரு மேடு. ஏப்ரலில் யுகாத்தானிலிருந்து சூரியன் மறைந்ததும் கிளம்பும் சிறு பறவைகள் ஏறக்குறைய 1,000 கி.மீ. கடலைத் தாண்டி மறுநாள் மதியத்துக்குமேல் அங்கே வந்து சேரும். தென்காற்று நன்றாக இருந்தால் கரையோர மரங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்நாட்டுக் காடுகள் வரை போய்விடும். வழியில் திடீரென வடகாற்றும் மழையும் மோதினால், கரை தெரிந்த முதல் மரத்தில், சில சமயம் புல்தரையிலேயே, நூற்றுக்கணக்கில் விழுந்தாற்போல் வந்து உட்காரும். அதைப் பார்க்க ஆட்கள் பல நூறு மைல் வண்டி ஓட்டி வருவார்கள். பார்ப்பவருக்குத் திருவிழா, பறவைக்கோ உயிர்போகும் சங்கடம். கரைக்கு வந்து சேராமல் கடலில் விழுந்தவை எத்தனையோ. அப்படிப்பட்ட காலையில் தள்ளி நின்று பார்ப்பதே மரியாதை. படம் எடுக்கிறேன் என்று கிட்டே போய் ஒரு தரம் விரட்டினாலும் அதன் மிச்சக் கொழுப்பில் கை வைக்கிறோம்.

ஆகவே இரண்டு கேள்விக்கும் "ஆம்" வந்தால்தான் பெரிய காலை: வடக்கே கிளம்பும்படியான மாலை, நம் ஊர்மேல் விடியலுக்கு முன் ஒரு தடங்கல். முதலாவது மட்டும் ஆம் என்றால் சுமாரான காலை, அதிலும் கோடியக்கரை போன்ற முனையில் இருப்பவர்களுக்கு வாய்ப்பு அதிகம். கிளம்பவே இல்லை, மழை மட்டும் பெய்தது என்றால் நீங்கள் நனைவீர்கள், அவ்வளவுதான்.

கோடியக்கரைக்கு ஏன் தனிச் சலுகை? அதற்குத் தெற்கே பாக் நீரிணை. அந்தப் பக்கம் யாழ்ப்பாணக் கரை 50–60 கி.மீ. தூரம். வலசைக் குருவிக்கு இது பெரிய கடலல்ல, ஒன்றரை இரண்டு மணி நேரம். ஆனால் விடியும் நேரத்தில் அங்கே வந்து சேர்ந்தால் அதைக் கடக்காமல் காட்டில் இறங்கிவிடலாம். நிலம் கூராக முடியும் இடம் என்பதால் கூட்டமும் சேரும். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாக அங்கே பறவைகளுக்கு வளையம் கட்டி ஆராய்வதும் இதனால்தான். 2018 நவம்பரில் கஜா புயல் அந்தக் காட்டு மரங்களைச் சாய்த்துப் போட்டது. புயலால் பறவைக்கு வரும் நஷ்டம் பறக்கும்போது மட்டுமில்லை, இறங்கும் மரத்திலும் இருக்கிறது.

படி 5: களத்தில்

விடிந்து முதல் இரண்டு மணி நேரம்தான் பொற்காலம். பசியோடு இறங்கியவை அப்போது மும்முரமாகப் பூச்சி தேடும், வெயில் ஏறினால் அடங்கிவிடும். மழை பெய்துகொண்டிருந்தால் காத்திருங்கள். விட்ட அரை மணி நேரத்தில் இலைகளில் உயிர் வரும்.

காற்று அடிக்கும் பக்கத்தை விட்டு மறைவான பக்கத்தில் தேடுங்கள். வாடை வீசும் நாளில் தோப்பின் தெற்கு ஓரம். வெயில் முதலில் படும் மரம் என்றால் இன்னும் நல்லது. கிண்டியைச் சுற்றியுள்ள பசுமை, நன்மங்கலம் காப்புக்காடு, அடையாற்றுக் கரையோரத் தோப்புகள் எல்லாம் நகரக் கட்டடங்களுக்கு நடுவே மேலேயிருந்து பார்த்தால் பச்சைத் திட்டுகள்தான். இறங்க இடம் தேடும் பறவை அங்கேதான் வரும். சில வளாகங்களுக்கு முன் அனுமதி வேண்டும், கேட்டுவிட்டுப் போங்கள். ஆனால் தினமும் போக முடிகிற ஒரு தெருப்பூங்கா, மாதம் ஒருமுறை போகும் பெரிய காட்டைவிட வானிலையைக் கற்றுத்தரும்.

காதைப் பழக்குங்கள். புதருக்குள்ளிருந்து நாக்கைச் சொடுக்கினாற்போல் "சக்... சக்" என்றால் பிளைத் நாணல் கதிர்க்குருவி. உச்சிக்கிளையில் "சிஸ்லீ" என்று இரண்டு அசையில் கூப்பிடுவது இளம்பச்சைக் கதிர்க்குருவி. ஆறுமணிக்குருவியின் இரட்டைச் சீட்டி விடியலிலும் அந்தியிலும் கேட்கும், பெயரே அதிலிருந்து வந்ததுதான். மெர்லின் செயலி குரலை அடையாளம் சொல்லும். அதை நம்பி எழுதிவிடாமல், கண்ணால் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

புயல் சின்னம் உருவானால்

அக்டோபர், நவம்பர் என்றாலே வங்கக் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு. நம் அரைக்கோளத்தில் சுழல் இடஞ்சுழியாகச் சுற்றும். காற்றுக்கு முதுகு காட்டி நின்றால் உங்கள் இடக்கைப் பக்கம் தாழ்வு மையம் இருக்கும். இதிலிருந்தே எல்லாம் வரும். மையம் நமக்குக் கிழக்கே கடலில் இருந்தால் நம்மேல் வாடை. தெற்கே போனால் கொண்டல். மேற்கே கரையேறிவிட்டால் தென்றல் பக்கம் திரும்பிவிடும், வலசை நிற்கும். ஆக, சின்னம் உருவாகி இன்னும் தூரத்தில் இருக்கும்போது, மழை தொடங்கும் முன், வாடை பலமாகும் அந்த ஓரிரு இரவுகள் கவனிக்க வேண்டியவை. புயலுக்குள் போய்ப் பறவை பார்க்கும் வீரம் வேண்டாம். அன்று மரம்தான் விழும்.

புயலைப் பறவைகள் முன்பே அறியுமா என்று எல்லோரும் கேட்பார்கள். 2014 ஏப்ரலில் அமெரிக்காவின் டென்னசி மலைகளில், கொலம்பியாவிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்த பொன்சிறகுக் கதிர்க்குருவிகள் ஐந்து, பெரும் சூறாவளித் தொடர் வருவதற்கு ஓரிரு நாள் முன்பே இடத்தைக் காலி செய்துவிட்டுத் தெற்கே போயின. ஐந்து நாளில் 1,500 கி.மீ.க்கு மேல் சுற்றிவிட்டுப் பழைய இடத்துக்கே திரும்பின. புயல் அப்போது நூற்றுக்கணக்கான கி.மீ. தள்ளி இருந்தது. நம் காதுக்கு எட்டாத தாழொலியைக் கேட்டிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். முதுகில் இருந்த அரை கிராம் கருவி தற்செயலாகப் பதிந்து வைத்த கதை இது. ஐந்து பறவைகள் மட்டுமே என்பதை மறக்காமல் ரசிக்கலாம்.

படி 6: எழுதி வையுங்கள், ஒன்றும் இல்லாத நாளையும்

ஒரு நோட்டில் ஐந்து கட்டம் போதும்: தேதி, முந்தின மாலை வடக்கே 600 மீ. காற்று, இரவு மழை உண்டா, நடந்த நேரம், பார்த்தவை. இபேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் பட்டியல் போடுகிறவர்கள் குறிப்புப் பகுதியில் காற்றைச் சேர்க்கலாம். நிறையப் பார்த்த நாளை யாரும் மறப்பதில்லை. வெறுங்கையோடு திரும்பிய நாளை எழுதினால்தான் வாடைக்கும் தென்றலுக்கும் வித்தியாசம் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போனால் ஞாயிற்றுக்கிழமைகளின் வானிலைதான் தெரியும் என்பதால், வேலைக்குப் போகும் முன் இருபது நிமிடம் தினமும் அதே பாதையில் நடப்பது மேல்.

மார்ச், ஏப்ரலில் எல்லாவற்றையும் தலைகீழாக்குங்கள். இப்போது வேண்டியது தென்றல், பார்க்க வேண்டிய ஊர்கள் தெற்கே: கடலூர், நாகப்பட்டினம். நம் கரையில் அந்தக் காலத்தில் தென்கிழக்கும் தெற்கும்தான் வழக்கமான காற்று, மழையும் அபூர்வம். ஆகவே திரும்பும் வலசை ஆரவாரமில்லாமல் நடக்கும். நேற்றுவரை தோட்டத்தில் தினமும் "சக்" என்றது இன்று இல்லை, அவ்வளவுதான். கடைசியாகக் கேட்ட தேதியை எழுதிவைத்து அந்த மாலையின் காற்றைப் பாருங்கள்.

விளக்கும், விழுந்த பறவையும்

2023 அக்டோபர் 4-ஆம் தேதி இரவு சிகாகோவில், பல நாள் தென்காற்றில் தடைபட்டிருந்த கதிர்க்குருவிகள் வடகாற்று திரும்பியதும் பெருங்கூட்டமாகக் கிளம்பின. விடியும்போது மழை அவற்றைத் தாழ இறக்கியது. ஏரிக்கரையில் விளக்கெரிந்த ஒரே கண்ணாடிக் கட்டடத்தின் அடியில் மறுநாள் ஏறக்குறைய ஆயிரம் பறவைகள் செத்துக் கிடந்தன. படி 2-லும் 3-லும் சொன்ன அதே வானிலைதான். நீங்கள் அலாரம் வைக்கும் அதே இரவில் மொட்டைமாடி விளக்கையும் படிக்கட்டுக் கண்ணாடிக்குப் பின்னால் எரியும் விளக்கையும் அணைத்துவிடுங்கள். அடுக்ககச் சங்கத்தில் சொல்லிப் பார்க்கலாம், மின்கட்டணத்தைக் காரணம் காட்டினால் கேட்பார்கள்.

ஆறுமணிக்குருவி ஒன்று உங்கள் வீட்டிலேயே விழுந்து கிடந்தால்: காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டி, அடியில் பழைய துணி, மூடி, இருட்டான அமைதியான இடம். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்விடும். சோறு, பால் எதுவும் வேண்டாம். அரை மணிக்கொரு தரம் திறந்து பார்க்கவும் வேண்டாம். சிறகு தொங்கினாலோ ரத்தம் தெரிந்தாலோ வனத்துறையிடம் ஒப்படையுங்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது. காயமில்லாமல் களைத்துப்போனது மட்டும்தான் என்றால், தெளிந்து பெட்டிக்குள் நடமாட ஆரம்பித்ததும், பூனையும் நாயும் இல்லாத மர நிழலுக்குக் கொண்டுபோய்ப் பெட்டியைச் சாய்த்துவைத்து விலகி நில்லுங்கள். காலையில் கிடைத்தது மதியத்துக்குள் தெளிந்துவிட்டால் பகலிலேயே விடுவது நல்லது, சருகைக் கிளறி ஏதாவது தின்றுகொள்ளும். மழை கொட்டிக்கொண்டிருந்தால் அது நிற்கும்வரை பறவை பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்.